வண்டியில் உருண்ட ஈயம்

பிப்ரவரி 3

என் அன்புத் தம்பி ஊமைக்கோட்டானுக்கு,

நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய், ஆண்டவர் உன்னைத் தூங்க வைக்கிறார் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். நானும் உன் அத்தானும் நன்றாக இருக்கிறோம். அவருடைய முட்டிவலி மட்டும் போவேனா என்கிறது.

போன ஞாயிறு போனில் பேசும்போது எண்ணிக்கொண்டே வந்தேன். பதினோரு 'ம்', இரண்டு 'சரிக்கா'. அதற்குமேல் உன் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. அதனால்தான் கடிதம். 'ம்' என்று ஒற்றை எழுத்தை எழுதி, தபால்தலை ஒட்டி அனுப்ப உனக்கே வெட்கமாக இருக்கும்.

உன் குருவி நம்மை விட்டுப் போய் நாலு மாதம் ஆகப்போகிறது. மூன்று வருஷம்கூட முழுசாக அவளோடு குடும்பம் நடத்தவில்லை நீ. உன் துக்கத்தை நான் அளக்கப் பார்க்கவில்லை. ஆனால் நீ சபைக்கே வருவதில்லை என்று உன் போதகரின் மனைவி சொன்னார். ஏன்டா?

இதோடு நூறு சுவிசேஷக் கைப்பிரதி அனுப்பியிருக்கிறேன். தினமும் கடை கடையாக ஏறி எடை மெஷின் சரிபார்க்கிற வேலை உனக்கு. போகிற இடத்தில் ஒன்று வைத்துவிட்டு வா. வாய் திறக்காதவனுக்கும் ஊழியம் உண்டு. ஜூன் மாதம் எங்கள் சபையில் ஆண்டுக் கூடுகை. இத்தனை துக்கத்திலும் ஆண்டவர் உன்னை எப்படி நடத்துகிறார் என்று நீ வந்து ஐந்து நிமிடம் சாட்சி சொல்ல வேண்டும். போதகரிடம் சொல்லிவிட்டேன்.

உனக்காக முழங்காலில் நிற்கும்
அக்கா

பிப்ரவரி 20

அக்காவுக்கு,

இருக்கிறேன். சாப்பிடுகிறேன். தூக்கம் ஐந்து மணி நேரம். அத்தானிடம் மாடிப்படி ஏற வேண்டாம் என்று சொல்.

எழுத என்ன இருக்கிறது? நவம்பர் நாலாம் தேதி வேலைக்குத் திரும்பியதிலிருந்து முப்பத்தொரு மெஷின் பார்த்திருக்கிறேன். எடைக்கல் பெட்டியை வண்டியில் ஏற்றுவேன். கடைக்காரர் மெஷினைத் துடைத்து வைப்பார். ஐந்து கிலோ கல்லை மேலே வைப்பேன். ஐந்து காட்ட வேண்டும். காட்டாவிட்டால் காட்டும்படி திருத்துவேன். ஸ்டிக்கர் ஒட்டிக் கையெழுத்துப் போடுவேன். அடுத்த கடை.

கைப்பிரதிகள் வந்தன. வண்டியில் இருக்கின்றன. கொடுக்கவில்லை. கோபித்துக்கொள்ளாதே. குருவியும் கொடுத்ததில்லை. ஆனாலும் மருந்துக்கடையில் அவளோடு வேலை பார்த்தவர்களுக்கு அவள் யாரென்று தெரியும். ஒரு தடவை ஒரு பெரியவருக்கு மாத்திரையை மாற்றிக் கொடுத்துவிட்டாள். விலாசம் இல்லை. எட்டுத் தெரு விசாரித்து நடந்து வீட்டைக் கண்டுபிடித்து, தப்பு தன்னுடையது என்று சொல்லி மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தாள். வழியில் செருப்பு அறுந்துபோயிற்று. அதற்கு மட்டும் என்னைத் திட்டினாள்.

வண்டியில் ஏதோ உருள்கிறது. வளைவில் திரும்பினால் பக்கவாட்டில் ஓடும், பிரேக் போட்டால் முன்னால் வரும். மாதக்கணக்காக. அவள் இருந்தால் முதல் நாளே வண்டியை நிறுத்தச் சொல்லித் தேடியிருப்பாள். எனக்கு ரேடியோ மாதிரி பழகிவிட்டது.

ஜூனில் வர முடியாது. சொல்ல ஒன்றும் இல்லை.

தம்பி

மார்ச் 2

தம்பிக்கு,

இத்தனை வரி எழுதும் அளவுக்கு உனக்குத் தெம்பு கொடுத்த ஆண்டவருக்கு நன்றி. அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். இவனே எழுதினானா, ஆள் வைத்து எழுதினானா என்று கேட்கிறார். நாங்கள் இருவரும் சுகம். முட்டி அப்படியேதான்.

குருவியின் மாத்திரைக் கதை எனக்குத் தெரியாது. நல்ல கதைதான். ஆனால் அந்தப் பெரியவரிடம் அவள் ஆண்டவரைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாளா? சொல்லாமல் வந்துவிட்டால் அவர், 'நல்ல பொண்ணு' என்று நினைத்துவிட்டு மாத்திரையை விழுங்கியிருப்பார். பேசாத சாட்சி பாதிச் சாட்சி என்பதுதான் என் கட்சி. இதில் உனக்கும் எனக்கும் எப்போதும் வழக்குத்தான்.

வண்டியை ஒரு மெக்கானிக்கிடம் காட்டு. ஊர் மெஷினையெல்லாம் பார்ப்பாய், உன் வண்டியைப் பார்க்க மாட்டாய்.

சபைக்கு ஏன் போவதில்லை என்று கேட்டிருந்தேன். அதைச் சுற்றிக்கொண்டு போய்விட்டாய்.

இன்னொன்று. கடைசி வாரத்தில் குருவி என்னைப் பற்றி ஏதாவது சொன்னாளா? சும்மாதான் கேட்கிறேன்.

உன் பதிலுக்கு வாசலையே பார்த்திருக்கும்
அக்கா

ஏப்ரல் 11

அக்காவுக்கு,

பதில் தாமதம். உடம்புக்கு ஒன்றும் இல்லை. அத்தானுக்கு எப்படி இருக்கிறது?

வண்டியில் உருண்டது என்னவென்று தெரிந்துவிட்டது. ஆறாம் தேதி ஒரு நாய் குறுக்கே ஓடியது. பிரேக்கை மிதித்தேன், பாதிக்குமேல் போகவில்லை. எப்படியோ நின்றது. குனிந்து பார்த்தால் பிரேக்குக்கு அடியில் கட்டைவிரல் நுனி அளவுக்கு ஒரு சாம்பல் நிறக் கட்டி. ஈயம்.

உனக்குப் புரியும்படி சொல்கிறேன். இரும்பு எடைக்கல்லின் அடியில் ஒரு சின்னக் குழி இருக்கும். எடை துல்லியமாக வருவதற்கு அதில் ஈயத்தை அடைத்து மூடியிருப்பார்கள். என் ஐந்து கிலோ கல்லைப் புரட்டினேன். குழி காலி. ஆபீஸில் வைத்து நிறுத்தேன். முப்பத்தெட்டு கிராம் குறைவு.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள் வீட்டுப் படியில் பெட்டி கைநழுவி விழுந்தது. எடுத்து ஏற்றிக்கொண்டு போய்விட்டேன். அடியைப் பார்க்கவில்லை. ஈயம் அப்போதே கழன்று வண்டிக்குள் விழுந்திருக்க வேண்டும். ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை ஆபீஸ் கண்ணாடி அலமாரியில் இருக்கும் மூலக்கல்லோடு என் கல்லை ஒப்பிட்டு, பதிவேட்டில் 'சரி' என்று எழுத வேண்டும். நவம்பரிலிருந்து ஐந்து தடவை எழுதியிருக்கிறேன். ஒரு தடவைகூட அலமாரியைத் திறக்கவில்லை. பேனாவைத் திறந்தேன், எழுதினேன், மூடினேன்.

ஆக, குறைந்த கல்லை வைத்து 'இதுதான் ஐந்து கிலோ' என்று நாற்பத்து மூன்று மெஷின்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அவற்றில் ஐந்து கிலோ நிறுத்து வாங்கிய எல்லாரும் முப்பத்தெட்டு கிராம் குறைவாக வாங்கிப் போயிருக்கிறார்கள். ஐந்து மாதமாக.

மேலாளரிடம் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். கெட்டவர் இல்லை. குருவியின் அடக்கத்துக்கு வந்தவர்.

"அடுத்த ரவுண்டுக்கும் நாமதானே போகப்போறோம். அப்ப ஒவ்வொண்ணா சத்தமில்லாம சரி பண்ணிடு. இப்ப வாயைத் திறந்தா உன் லைசென்ஸ் போயிடும் தம்பி. உன் நிலைமை தெரியும், உன்னை யாரும் குறை சொல்லப்போறதில்ல."

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் யோசிக்கிறேன்.

தம்பி

ஏப்ரல் 16

தம்பிக்கு,

கடிதம் கிடைத்த கையோடு எழுதுகிறேன், நலம் விசாரிக்கக்கூடக் கை நிற்கவில்லை.

உன் மேலாளர் சொல்வதில் தப்பில்லை. நீ திருடவில்லை. துக்கத்தில் இருந்தாய். கை தவறியது, அவ்வளவுதான். சரிபண்ண வேண்டாம் என்று நான் சொல்வேனா? சத்தமில்லாமல் செய் என்றுதான் சொல்கிறேன். ஒரேயடியாகப் போட்டு உடைத்துவிடாதே. அந்த லைசென்சுக்கு நீ இரண்டு வருஷம் படித்தாய்.

இன்னொன்றும் யோசி. நம்மை எல்லாரும் எப்படிப் பார்க்கிறார்கள்? வேதத்தைக் கையில் வைத்திருக்கிறவன் தராசில் கோளாறு பண்ணினான் என்று நாலு பேர் பேசினால் உன் சாட்சி என்ன ஆகும்? ஆண்டவர் நாமத்துக்குத்தானே இழுக்கு?

அவசரப்படாதே. ஜெபம் பண்ணு.

பயத்தோடு
அக்கா

ஏப்ரல் 29

அக்காவுக்கு,

நான் நலம். நீ பயப்படாதே. தராசைப் பற்றி வேதத்தில் எங்கெங்கே வருகிறது என்று எழுதி அனுப்பாதே, எனக்குத் தெரியும்.

மூலக்கல்லோடு ஒப்பிட்டுப் பார்த்த வேறு கல்லை எடுத்துக்கொண்டு ஆரம்பித்துவிட்டேன். லைசென்ஸ் அலுவலகத்துக்கு நானே எழுதிப் போட்டேன். மேலாளரிடம் ஒரு நகல் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு மடித்து மேஜையில் வைத்தார். கம்பெனி நேரத்தில் போகக் கூடாது என்றார். சரி என்றேன். முடிந்த நாளில் காலையில் வேலைக்கு முன்னால் ஒன்று, வார லீவில் மூன்று.

எனக்கு நானே ஒரு முறை வைத்துக்கொண்டேன். முதலில் சொல்வது. பிறகுதான் கல்லை இறக்குவது. கல்லை வைத்துவிட்டுச் சொன்னால் வாய் மழுப்பப் பார்க்கிறது.

இதுவரை ஆறு. ஆணிக்கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். ஆணி வாங்குகிறவன் எவன் வீட்டுக்குப் போய் நிறுத்துப் பார்க்கிறான், இதற்கா விடியற்காலையில் வந்து நிற்கிறாய் என்றார். இறைச்சிக்கடைக்காரர் சிரிக்கவில்லை. கடை நிறைய ஆள் இருந்தது. இத்தனை நாளாக ஏமாற்றினாயா என்று ஒரு அம்மா அவர்மேல் பாய்ந்தார். அவர் கத்தியைக் கட்டையில் குத்திவிட்டு என்னைப் பார்த்தார். தப்பு அவருடையது இல்லை, என்னுடையது என்று மூன்று தடவை சொல்ல வேண்டியதாயிற்று. மூன்றாவது தடவைதான் என் குரல் வெளியே வந்தது.

அதனால் ஒவ்வொரு கடையிலும் ஒரு தாள் எழுதித் தொங்கவிடுகிறேன். இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை மெஷின் கூடுதலாகக் காட்டியது, தப்பு கடைக்காரருடையது அல்ல, சரிபார்த்தவனுடையது என்று. கீழே என் பெயர், போன் நம்பர். இரண்டாவது நாள் என்னிடம் தாள் இல்லை. உன் கைப்பிரதிகளின் பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. அதில் எழுதினேன். ஆக, உன் கைப்பிரதி இப்போது கடை கடையாகத் தொங்குகிறது. முன்பக்கம் மட்டும் சுவரைப் பார்த்து.

இன்னும் முப்பத்தேழு.

தம்பி

மே 8

தம்பிக்கு,

சுகம். அத்தானும் சுகம்.

சுவரைப் பார்த்தா? அதை எழுதும்போது உனக்குச் சிரிப்பு வந்ததா? எனக்கு வரவில்லை. ஆண்டவருடைய வார்த்தையின் முதுகில் உன் குற்றப்பத்திரிகை. ஜெபக்குழுவில் உனக்காக வேண்டிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். 'தம்பிக்கு வேலையில் ஒரு பிரச்சினை' என்று மட்டும்தான் சொன்னேன். விவரம் கேட்டார்கள், பேச்சை மாற்றிவிட்டேன்.

எனக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. பிறகு எழுதுகிறேன்.

அக்கா

ஜூன் 14

அக்காவுக்கு,

நீ எழுதுவாய் என்று ஒரு மாதம் பார்த்தேன். நலமாகத்தான் இருப்பாய், இல்லாவிட்டால் அத்தான் போன் பண்ணியிருப்பார். உன் ஆண்டுக் கூடுகை முடிந்திருக்கும். என் ஐந்து நிமிடத்தை யாருக்குக் கொடுத்தார்கள்?

முப்பத்தாறு முடிந்தது. லைசென்ஸ் அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்துவிட்டது. ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து ஆறு மாதம் நிறுத்தம். மேலாளர் என்னை வெளியே அனுப்பவில்லை. ஆறு மாதம் கிடங்கில் பெட்டி அடுக்கு என்றார். அதற்குள் பாக்கி ஏழையும் முடித்தாக வேண்டும், பிறகு நான் கல்லைத் தொடக் கூடாது.

உனக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். காய்கறிக்கடைக்காரர் ஒருவர். தன் மெஷின்மேல் யாரும் சாய்ந்தால்கூடத் திட்டுகிறவர். நான் தாளைத் தொங்கவிட்டுப் போனபிறகு அதைத் திருப்பி முன்பக்கத்தைப் படித்திருக்கிறார். வேறு கடைக்குப் போகும் வழியில் என்னை நிறுத்தினார்.

"இது உங்க சாமியா?" என்றார். ஆமாம் என்றேன்.

"இதைப் படிச்சா ஒண்ணும் புரியல. ஆனா நீங்க ஏன் வந்து சொன்னீங்க? யாரும் கண்டுபிடிச்சிருக்க மாட்டாங்களே."

அக்கா, நீயாக இருந்தால் கடகடவென்று சொல்லியிருப்பாய். நான் தக்காளிக் கூடையைப் பார்த்துக்கொண்டே வாயில் வந்ததைச் சொன்னேன்.

"நான் இயேசுவை நம்புறவன். பொய்யா கையெழுத்துப் போட்டுட்டு அவர்கிட்ட போய் நிக்க முடியல. என் மனைவி போனதுலேர்ந்தே அவர்கிட்ட பேசல. இப்ப பேசணும்போல இருக்கு, அதுக்கு முன்னாடி இதை முடிச்சாகணும்."

"முடிச்சாத்தான் அவர் பேசுவாரா?" என்று கேட்டார். இல்லை, அவருக்கு அப்படி ஒன்றும் இல்லை, எனக்குத்தான் என்றேன். "அப்ப சீக்கிரம் முடிங்க," என்றார். போகும்போது பின்னாலிருந்து கூப்பிட்டு, முடித்ததும் வந்து சொல்லச் சொன்னார்.

இதுதான் என் சாட்சி. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

தம்பி

ஜூலை 6

என் தம்பிக்கு,

இந்தக் கடிதத்தை நாலு தடவை கிழித்தேன். அதனால் நலம் விசாரிப்பதையெல்லாம் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். உன் முறைதான். முதலில் சொல்வது.

அக்டோபர் ஆறாம் தேதி. மருத்துவமனையில் நீ வெந்நீர் வாங்க ஃபிளாஸ்கை எடுத்துக்கொண்டு கீழே போனாய். நான் குருவியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "உனக்கு விசுவாசம் பத்தலடி. உள்ள ஏதோ சந்தேகம் வச்சிருக்க. அதான் சுகம் தள்ளிப் போகுது."

அவள் "சரிக்கா" என்றாள். அவ்வளவுதான். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். எட்டு நாளில் போய்விட்டாள்.

உன் கைப்பிரதி சுவரைப் பார்த்துத் தொங்குகிறது என்று எழுதினாயே, எனக்கு அவள் முதுகுதான் தெரிந்தது. அதனால்தான் அப்படி எரிந்து விழுந்தேன்.

அவள் விசுவாசத்தை நிறுத்துப் பார்க்க எனக்கு யார் கல் கொடுத்தார்கள்? நான் தப்புப் பண்ணிவிட்டேன்டா. குருவியிடம் சொல்ல வழியில்லை. உன்னிடம் சொல்கிறேன்.

ஆண்டுக் கூடுகையில் உன் ஐந்து நிமிடத்தை யாருக்கும் கொடுக்கவில்லை. நான் எழுந்து நின்றேன். சொல்ல வராமல் உட்கார்ந்துவிட்டேன். ஆனால் போன வாரம் ஜெபக்குழுப் பெண்களிடம் சொன்னேன். நாங்கள் நாலு பேரும் படுக்கையில் கிடக்கிறவர்களிடம் போய் இதே பேச்சைத்தான் பேசிக்கொண்டிருந்தோம். எனக்கும் இப்போது ஒரு பட்டியல் இருக்கிறது. மன்னிப்புக் கேட்க வேண்டிய இரண்டு வீடு. உன்னைவிடக் குறைச்சல்தான், ஆனால் கால் நகர மாட்டேன் என்கிறது.

நீ நலமா? சாப்பிடுகிறாயா? எனக்குப் பதில் எழுதுவாயா?

அக்கா

ஜூலை 13

அக்காவுக்கு,

நலம். சாப்பிடுகிறேன். பதில் எழுதுகிறேன்.

எனக்குத் தெரியும். அன்றைக்குக் குழாயில் வெந்நீர் வரவில்லை. சீக்கிரம் திரும்பிவிட்டேன். காலி ஃபிளாஸ்கோடு கதவுக்கு வெளியே நின்றேன்.

ஒன்பது மாதமாக உன்மேல் கோபம். போனில் 'ம்' மட்டும் சொன்னேனே, அது துக்கம் என்று நீ நினைத்தாய். நினைக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். சபைக்குப் போகாததும் அதனால்தான். அங்கே யாரைப் பார்த்தாலும் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. பதிவேட்டில் 'சரி' என்று எழுதியதும் இதுவும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிகிறது. அது என் தப்பு.

இன்னொரு தப்பும் இருக்கிறது. மார்ச் மாதம் நீ கேட்டாய், குருவி உன்னைப் பற்றி ஏதாவது சொன்னாளா என்று. சொன்னாள். அன்று சாயங்காலமே சொன்னாள். நீ வருத்தப்பட்டுக் கிடக்கட்டும் என்று வேண்டுமென்றே எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

"அக்கா பயந்துபோயிருக்காங்க. பயத்துல பேசுறாங்க. நீங்க சண்டைக்குப் போயிடாதீங்க. எனக்கு சந்தேகமெல்லாம் இல்ல, அலுப்புதான்."

நாற்பத்திரண்டு முடிந்தது. ஒன்று பாக்கி. அதே மருத்துவமனை. தரைத்தளத்தில், குழந்தைகள் பிரிவில் ஒரு எடை மெஷின். ஜனவரியில் பின்வாசல் வழியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இந்தத் தடவை முன்வாசலில் நுழைய வேண்டும். ஏப்ரலிலேயே முதலில் போயிருக்க வேண்டிய இடம் அதுதான். வேண்டுமென்றே கடைசிக்குத் தள்ளினேன். அதையும் அங்கே சொல்ல வேண்டும்.

முப்பதாம் தேதி வியாழக்கிழமை காலை ஒன்பது மணி. பெட்டிக்கு இரண்டு கைப்பிடி. முடிந்தால் வா.

தம்பி

ஆகஸ்ட் 9

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததாக அத்தான் சொன்னார். கை வலி குறைந்ததா? ஐந்து கிலோதானே என்று எடுத்தாய். மற்ற கற்களும் பெட்டியுமாக இருபது கிலோ.

நீ மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்தபிறகு உள்ளே என்ன நடந்தது என்று பஸ்ஸுக்கு ஓடும் அவசரத்தில் முழுதாகச் சொல்லவில்லை. நர்ஸம்மா நான் சொன்னதைக் கேட்டுவிட்டுப் பதிவேட்டை எடுத்தார். ஜனவரியில் நான் வந்துபோன தேதியை விரலால் தேடினார். குறைமாதத்தில் பிறந்த ஒரு குழந்தைக்கு அன்று திடீரென்று எடை கூடியதாக எழுதியிருக்கிறது. தேறிவிட்டது என்று இரண்டு நாள் முன்னதாகவே வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அவர் என் எதிரிலேயே அந்த வீட்டுக்குப் போன் போட்டார். குழந்தை நன்றாக இருக்கிறது, தவழ்கிறது. போனை வைத்தார். ஏப்ரலிலேயே தெரிந்தும் ஜூலை வரை ஏன் வரவில்லை என்றார். மாடியில் என் மனைவி இருந்தாள், அதனால் இந்த வாசலில் ஏற முடியவில்லை, அது காரணமே தவிர நியாயம் இல்லை என்றேன்.

"டாக்டர்கிட்ட சொல்லித்தான் ஆகணும்," என்றார். சொல்லுங்கள் என்றேன். பிறகு மெஷின்மேல் இருந்த துணியை எடுத்துவிட்டு, "கல்லை வைங்க," என்றார். வைத்தேன். முப்பத்தெட்டு கிராம் கூடக் காட்டியது. திருத்திவிட்டு மறுபடி வைத்தேன், ஐந்து காட்டியது.

உன் இரண்டு வீட்டில் ஒன்று முடிந்ததென்று அத்தான் சொன்னார். கதவைத் திறந்ததும் அழுதுவிட்டாயாமே. பரவாயில்லை. இன்னொன்றையும் தள்ளிப் போடாதே. நான் வேண்டுமானால் வந்து வாசலில் நிற்கிறேன்.

காய்கறிக்கடைக்காரரிடம் போய் முடிந்தது என்று சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு, அப்படியானால் பேசிவிட்டீர்களா என்று கேட்டார். இனிமேல்தான் என்றேன். தாளைக் கழற்றட்டுமா என்று கேட்டேன். இருக்கட்டும் என்று முன்பக்கத்தைத் திருப்பி மாட்டிக்கொண்டார். உனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

இன்று சபைக்குப் போகிறேன். வண்டியை ஒரு ஓரமாக நிறுத்திவிட்டு இதை எழுதுகிறேன். ஈயக்கட்டி சட்டைப்பையில் இருக்கிறது. வண்டி வளைவில் திரும்பும்போதும் பிரேக் போடும்போதும் இப்போது ஒரு சத்தமும் இல்லை. அதனால் வழியெல்லாம் நான்தான் பேசிக்கொண்டு வந்தேன்.

உன்
தம்பி